ரவுட்டருக்குப் பின்னால் ஒரு கணினி

வீட்டில் இணையம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த மாலைப் பேச்சு எடுத்துக்கொள்கிறது. கூடத்துச் சுவரில் ரவுட்டர் மாட்டியிருக்கிறது. அதற்குள்ளேயே ஃபயர்வால், அதாவது வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அரண், இருப்பதாக அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, கணினிக்குள்ளும் தனியாக ஒரு ஃபயர்வால் ஓட வேண்டுமா? வேண்டவே வேண்டாம், கணினியின் வேகம்தான் குறையும் என்று சொல்லும் விவரமானவர்கள் உண்டு. காசு கொடுத்துத் தனியாக வாங்கி வைத்தால்தான் நிம்மதி என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் கேட்டு ஏமாறாமலிருக்க, கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த சில சம்பவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

2003 ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற கணினிப் புழு பரவத் தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஓடும் கணினிகளுக்குள் 135-ஆம் எண் போர்ட் (கணினியின் வலையமைப்பு வாசல்களில் ஒன்று) வழியாக அது நுழைந்தது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியதில்லை, எந்தக் கோப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. கணினி இணையத்தில் நேரடியாக இருந்தாலே போதும். திரையில் ஒரு பெட்டி தோன்றும். இன்னும் 60 நொடியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும் என்று அறிவித்துவிட்டு நொடிகளைக் குறைத்துக்கொண்டே வரும். தட்டச்சு செய்த கடிதத்தைச் சேமிப்பதற்குள் திரை இருண்டுவிடும்.

பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. ஆனால் அடிபட்ட பிறகு அதை எப்படி இறக்குவது? நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழும் கணினியில், டயல்-அப் வேகத்தில், அது நடக்கிற காரியமாக இல்லை. அப்போது மைக்ரோசாஃப்ட் பயனாளர்களுக்குச் சொன்ன முதல் வேலை, பேட்சை இறக்குவதற்கு முன்பாகக் கணினியில் உள்ள ஃபயர்வாலை இயக்குங்கள் என்பதே. எக்ஸ்பி 2001 அக்டோபரில் கடைக்கு வந்தபோதே ஒரு ஃபயர்வாலோடுதான் வந்தது. ஆனால் அதை அணைத்து வைத்து அனுப்பியிருந்தார்கள். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரு சிறு கட்டத்தில் டிக் போட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய கணினிகள், அந்த டிக் இல்லாததால் விழுந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் முடிவில் 'சாஸர்' என்ற புழு வந்தது. இம்முறை 445-ஆம் போர்ட். பேட்ச் போடாத ஒரு விண்டோஸ் கணினியை நேரடியாக இணையத்தில் செருகினால் சராசரியாக 20 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு தாக்குதல் அதைத் தொட்டுவிடும் என்று சான்ஸ் நிறுவனத்தின் இணையப் புயல் மையம் 2004-இல் கணக்கிட்டது. புதுக் கணினி வாங்கி, இணையத்தில் சேர்த்து, தேவையான பேட்சுகளை எல்லாம் இறக்கி முடிப்பதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். அந்த ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. அதில் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டது. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே, அந்த இடைப்பட்ட சில நொடிகளிலும் வெளியாட்களைத் தடுக்கும்படி அதை மாற்றி எழுதியிருந்தார்கள். வீட்டுக் கணினிப் பாதுகாப்பில் இவ்வளவு பலன் தந்த மாற்றங்கள் மிகச் சிலவே.

அந்தப் புழுக்கள் திரிந்த நாட்களிலும் சில வீடுகள் நிம்மதியாக இருந்தன. அங்கே ரவுட்டர் இருந்தது. 'ரவுட்டரே போதும்' என்ற வாதம் பிறந்ததும் அங்கிருந்துதான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்று தெரிய, ரவுட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில், மயிலாப்பூரில் இருந்த பழைய ஒண்டிக்குடித்தன வீடுகளைப் பெரியவர்கள் அறிவார்கள். தெருவுக்கு ஒரே கதவு எண். உள்ளே எட்டோ பத்தோ குடித்தனங்கள். கதவு எண்ணை மட்டும் எழுதி, பெயர் எழுதாமல் ஒரு கடிதம் வந்தால் அது யாருக்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே இருக்கும் ஒருவர் ஊருக்கு எழுதி அதற்குப் பதில் வந்தால், உரிய அறைக்குப் போய்ச் சேரும். வீட்டு ரவுட்டர் செய்வது ஏறக்குறைய இதுவே. வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரி, உள்ளே போன், டி.வி., லேப்டாப், கேமரா ஆகியவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் கேட்டவருக்குக் கொடுக்கும். கேட்காமல் வரும் தரவுப் பாக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். பிளாஸ்டரும் சாஸரும் அப்படிக் கேட்காமல் வந்தவை.

'நாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டைக் கெல்ட் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் இணையத் தரநிலை ஆவணம் ஒன்றில் விவரித்தார்கள். அவர்களுடைய கவலை திருடர்களைப் பற்றியது இல்லை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். அவை தீர்ந்துபோகும் நாள் தெரிந்தது. நிரந்தர வழி கிடைக்கும் வரை சமாளிக்க ஒரு குறுகிய கால ஏற்பாடாகவே அதை முன்வைத்தார்கள். பாதுகாப்பு அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த உபபலன். உபபலனை நம்பி இருக்கும்போது, எந்தச் சூழலில் அது கிடைக்காமல் போகும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில், உள்ளேயிருந்தே வரும் ஆபத்து. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கு நடுவே அது எந்தத் தடையும் போடுவதில்லை. 2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்ற புழு கிளம்பியது. அதன் மொத்த அளவு 376 பைட். பத்தே நிமிடங்களில், உலகில் அது பிடிக்கக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் நுழைவில் ஃபயர்வால் இருந்தது. ஸ்லாமர் வரும் போர்ட்டை அது தடுத்தும் வைத்திருந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து நிலையத்துக்குள் இன்னொரு தனி இணைப்பு இருந்தது. அது ஃபயர்வாலைத் தொடாமலே உள்ளே போனது. புழு அந்த வழியில் வந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. உலை ஏற்கெனவே வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது பெரும் நல்வாய்ப்பு.

வீட்டில் ஒப்பந்ததாரர் இல்லை. ஆனால் பென் டிரைவ் இருக்கிறது, அலுவலக லேப்டாப் இருக்கிறது, விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையனின் கணினி இருக்கிறது. 2008 நவம்பரில் தொடங்கிய 'கான்ஃபிக்கர்' புழு இந்த வழிகளை எல்லாம் பயன்படுத்தியது. 445-ஆம் போர்ட் வழியே பரவியது, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை முயன்று பார்த்தது, பென் டிரைவில் தொற்றிக்கொண்டு அடுத்த கணினிக்குப் போனது. உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் அதன் வசமாயின. அதன் முதல் வடிவங்கள் செய்த ஒரு காரியத்தை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கணினிக்குள் புகுந்ததும், வீட்டு ரவுட்டரிடம் பேசி, வெளியிலிருந்து தன்னிடம் வருவதற்கு ஒரு போர்ட்டைத் திறந்துவிடும்படி கேட்டுக்கொண்டது. ரவுட்டரும் திறந்துவிட்டது.

ரவுட்டர் ஏன் திறந்தது? யு.பி.என்.பி. என்று ஒரு வசதி பல ரவுட்டர்களில் முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். விளையாட்டுக் கருவிகள், டாரண்ட் நிரல்கள், வீட்டு சி.சி.டி.வி. பெட்டிகள் ஆகியவை தமக்கு வேண்டிய போர்ட்டைத் தாமே திறந்துகொள்வதற்காக அது வைக்கப்பட்டது. கேட்பது யார் என்று அது விசாரிப்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. வீட்டுக்குள் மட்டுமே பதில் சொல்ல வேண்டிய இந்த வசதி, வெளியிலிருந்து கேட்டாலும் பதில் சொல்வதை 2013 ஜனவரியில் ரேப்பிட்7 நிறுவனம் எடுத்துக்காட்டியது. அப்படிப் பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கு மேல். 2020 அக்டோபர் இறுதியில் சாமி கம்கார் என்ற ஆய்வாளர் இன்னொரு வழியைக் காட்டினார். பயனாளர் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும். இணையத் தொலைபேசிக்காக ரவுட்டரில் வைத்திருக்கும் ஓர் உதவி வசதியை ஏமாற்றி, அவருடைய கணினியின் எந்தப் போர்ட்டுக்கும் வெளியிலிருந்து வழி உண்டாக்கலாம். அவர் அதை வெளியிட்ட பிறகு குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சில போர்ட்களுக்கான இணைப்பைத் தடுத்தன.

இந்த இடங்களில் எல்லாம் கணினியிலேயே இருக்கும் ஃபயர்வால் என்ன செய்யும்? ரவுட்டர் வழிவிட்டாலும், பக்கத்து அறைக் கணினியிலிருந்து வந்தாலும், கேட்காமல் வந்த இணைப்பை அது ஏற்காது. அதற்கு அனுப்பியவரின் முகவரி உள்முகவரியா வெளிமுகவரியா என்பது பொருட்டில்லை, 'வீட்டு ஆள்' என்று நீங்களே அதற்குச் சொல்லியிருந்தால் தவிர.

இந்தத் 'தவிர' என்ற சொல்லை விட்டுவிட்டுப் போகக் கூடாது. 2017 மே 12 அன்று 'வானக்ரை' என்ற பிணைப்பணப் புழு பரவியபோது சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 அறக்கட்டளை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அதுவும் 445-ஆம் போர்ட்தான். விண்டோஸில் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிரும் வசதி நடப்பது அந்தப் போர்ட்டில். பகிர்வை அனுமதித்திருந்த கணினியில் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தாலும் உள்ளிருந்து வரும் புழுவுக்கு அந்த வழி திறந்தே இருந்திருக்கும். காப்பாற்றியிருக்கக்கூடியது மார்ச் 14 அன்று வெளிவந்த பேட்ச். இரண்டு மாதம் இருந்தும் எத்தனையோ இடங்களில் அதைப் போடவில்லை. ஃபயர்வால் இருக்கிறதே என்று பேட்சைத் தள்ளிப்போடுபவர்கள் வானக்ரையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரவுட்டரே பகைவனின் கைக்குப் போய்விட்டால்? இது வெறும் கற்பனை இல்லை. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மட்டுமே வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. எல்லாம் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொற்கள்; வாங்கியவர்கள் மாற்றவில்லை. அந்த நவம்பரில் அதன் ஒரு வகை ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களின் இணைப்பைத் துண்டித்தது. 2017 ஜூலையில் நம் பக்கத்திலேயே நடந்தது: பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டு முடங்கின. 'அட்மின்' என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தல் போனது. 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளில் இருப்பதை சிஸ்கோவின் டாலோஸ் குழு கண்டது. ரவுட்டர்களை ஒருமுறை அணைத்து இயக்குங்கள் என்று எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு ரவுட்டர் கைமாறிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அது பாதுகாப்பாக இருக்க முடியாது. அப்போது கணினியிலேயே இருக்கும் ஃபயர்வால்தான் மிச்சம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, நாளைக்கே கடைக்குப் போய் ஒரு ஃபயர்வால் தொகுப்பை வாங்கத் தோன்றலாம். அதற்கு முன் 2004 மார்ச் 19 அன்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

அன்று பரவியது 'விட்டி' என்ற புழு. அது தாக்கியது விண்டோஸை இல்லை. பிளாக்ஐஸ் முதலான ஃபயர்வால் நிரல்களை. இணையப் பாதுகாப்பில் பெயர்பெற்ற ஐ.எஸ்.எஸ். நிறுவனத்தின் தயாரிப்புகள் அவை. உள்ளே வரும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படித்து, நல்லதா கெட்டதா என்று ஆராயும் பகுதியில் ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழை வெளியே சொல்லப்பட்ட மறுநாளே புழு வந்துவிட்டது. ஏறக்குறைய 12,000 கணினிகள் முக்கால் மணி நேரத்தில் விழுந்தன. மற்றப் புழுக்களைப் போல அது பரவியதோடு நிற்கவில்லை. வன்தட்டில் கண்ட கண்ட இடத்தில் குப்பையை எழுதி, கணினி செயலற்றுப் போகும் வரை சிதைத்தது. பாதுகாப்பில் அக்கறை எடுத்து, நிரலைத் தேடி நிறுவியவர்களே அன்று தம் கோப்புகளை இழந்தார்கள். அக்கறையில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. இணையத்திலிருந்து வரும் எதையும் பிரித்துப் படிக்கும் எந்த நிரலும், தானே தாக்குதலுக்கு ஒரு வழியாக மாறக்கூடும். இயங்குதளத்தோடு வருவதை நம்பியே ஆக வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது ஆபத்தும் சேர்கிறது.

தனி ஃபயர்வால்கள் விற்கப்பட்டதற்கு இன்னொரு காரணம், வெளியே போகும் இணைப்புகளையும் அவை கண்காணிக்கும் என்பது. ஸோன்அலார்ம் போன்றவை, 'இந்த நிரல் இணையத்துக்குப் போக விரும்புகிறது, அனுமதிக்கவா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். கேட்பது நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் கேட்கப்படும் பெயர்கள் 'எஸ்விசிஹோஸ்ட்' போன்றவை. ஒரு தமிழாசிரியரோ மளிகைக்கடைக்காரரோ அதைப் பார்த்து என்ன முடிவு செய்ய முடியும்? ஒருமுறை 'வேண்டாம்' என்று அழுத்தி இணையம் நின்றுவிட்டால், அடுத்த முறையிலிருந்து எல்லாவற்றுக்கும் 'சரி' என்றே அழுத்துவார். ஸ்டீவ் கிப்ஸன் என்ற நிரலாளர் 2000-ஆம் ஆண்டு 'லீக்டெஸ்ட்' என்ற சிறு நிரலை எழுதினார். நிரலின் பெயரை மட்டும் பார்த்து அனுமதித்த சில ஃபயர்வால்களை, பெயரை மாற்றி வைத்தே அது ஏமாற்றியது. பின்னால் அந்தக் குறையைத் திருத்தினார்கள். தீநிரல் எழுதுபவர்களோ, அனுமதி பெற்ற பிரவுசருக்குள்ளேயே புகுந்துகொள்ளும் வித்தையைக் கற்றார்கள். நிர்வாகி உரிமை கிடைத்துவிட்டால் ஃபயர்வாலையே அணைத்துவிடலாம்.

வெளியே போவதைக் கவனிப்பதால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிளாஸ்டர் உள்ளே நுழைந்ததும், விண்டோஸிலேயே இருந்த ஒரு கோப்புப் பரிமாற்ற நிரலைக் கொண்டு தன் மீதிப் பகுதியை வெளியிலிருந்து இறக்கிக்கொண்டது. அந்த நிரல் வெளியே போகும்போது யாராவது கேட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். தம் கணினியில் எது யாரோடு பேசுகிறது என்று அறிய ஆர்வம் உள்ளவர்களுக்கு அத்தகைய கருவிகள் நல்ல பாடம் சொல்லித்தரும். வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணினிக்கு அது தேவையில்லை. விண்டோஸோடு வரும் ஃபயர்வாலால் வெளியே போவதையும் தடுக்க முடியும். இருந்தும் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக இயக்கி வைக்கவில்லை. உள்ளே வருவதைத் தடு, வெளியே போவதை விடு என்ற அந்த அமைப்பே வீட்டுக்குப் பொருத்தம்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். மேக்கில் 2007 முதல் செயலிவாரி ஃபயர்வால் இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 2008 முதல் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வால் இருக்கிறது. இரண்டும் நெடுங்காலமாக அணைத்து வைக்கப்பட்டே வருகின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பைக் காத்திருந்து கேட்கும் நிரல் எதுவும் கணினியில் ஓடவில்லையென்றால் தடுப்பதற்கும் எதுவும் இல்லை என்பது அவற்றைத் தயாரிப்பவர்களின் கணக்கு. கணினியை வாங்கிய அன்று அது சரியான கணக்குதான். கோப்புப் பகிர்வு, தொலைத் திரை, டி.வி.க்குப் படம் அனுப்பும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு, இயக்கி வைத்துவிடுவதே நல்லது.

கேள்வியையே மாற்றிப்போடும் ஒரு விஷயம் இனிமேல்தான் வருகிறது. பழைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஐ.பி.வி.6 என்ற புதிய முறையில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டி.வி.க்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைக்கிறது. நாட் அங்கே தேவைப்படுவதில்லை. ஆகவே அதன் உபபலனும் கிடைப்பதில்லை. ரவுட்டரில் உண்மையான ஃபயர்வால் ஒன்று ஐ.பி.வி.6-க்கும் சேர்த்து இயங்கினால் மட்டுமே கேட்காமல் வருபவை தடுக்கப்படும். வீட்டு ரவுட்டர்கள் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஒரு பரிந்துரை ஆவணம் வெளிவந்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. இது எங்கோ நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஜியோ 2016 செப்டம்பரில் தன் சேவையைத் தொடங்கியதிலிருந்து ஐ.பி.வி.6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றாகிவிட்டது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைக்கும் கல்லூரி மாணவி, தனக்குத் தெரியாமலே அந்த லேப்டாப்பைப் பொது முகவரியோடு இணையத்தில் நிறுத்தியிருக்கக்கூடும். அங்கே 'ரவுட்டருக்குப் பின்னால்' என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

லேப்டாப் வீட்டிலேயே இருப்பதும் இல்லை. ரயில் நிலைய வைஃபை, விடுதி வைஃபை, கருத்தரங்கு அரங்கின் வைஃபை என்று சுற்றுகிறது. அந்த ரவுட்டர்களை யார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கணினியோடு வந்த ஃபயர்வாலை அணைக்காதீர்கள். ஒரு விளையாட்டு நிரலோ, பிரிண்டரைப் பொருத்த வந்தவரோ, போனில் உதவி செய்வதாகச் சொல்பவரோ அணைக்கச் சொன்னாலும் அணைக்காதீர்கள். இன்னொன்றை விலைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் ரவுட்டர் பக்கம் செலவிடலாம்: அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது, யு.பி.என்.பி. தேவையில்லையென்றால் அணைப்பது, தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டரை மாற்றுவது. விண்டோஸில் ஒவ்வொரு வலையமைப்பையும் 'பொது' அல்லது 'தனிப்பட்ட' என்று குறிக்கும் இடம் இருக்கிறது. கோப்பு பகிர வேண்டிய தேவை இல்லாவிட்டால் வீட்டு வைஃபையையும் 'பொது' என்றே வைத்துவிடலாம். பிரிண்டருக்கு அனுப்புவது பெரும்பாலும் முன்போலவே நடக்கும்; பிறர் இந்தக் கணினிக்குள் எட்டிப் பார்ப்பதுதான் நிற்கும். இன்றைக்கு மோசடிகளில் மிகப் பல மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இணைப்பு வழியே, பயனாளரின் கையாலேயே உள்ளே வருகின்றன. அவற்றை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் கால ஏற்பாட்டில் சேராத கணினிகளுக்கு இனிப் பேட்ச் வராது. புதுக் கணினி வாங்க வசதியில்லாத வீடுகளில் அவை இன்னும் சில ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. குழந்தைகளின் படிப்பே அவற்றில்தான் நடக்கிறது. அத்தகைய வீட்டில் இருப்பவர்கள் இன்றிரவே மூன்று காரியங்களைச் செய்யலாம்: வலையமைப்பைப் 'பொது' என்று மாற்றுவது, கோப்புப் பகிர்வையும் தொலைத் திரையையும் நிறுத்துவது, ஃபயர்வாலில் அனுமதிக்கப்பட்ட நிரல்களின் பட்டியலைத் திறந்து, என்றோ நீக்கிவிட்ட விளையாட்டுகளின் பெயரில் விட்டுப்போன அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. மூன்றுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஆகலாம், செலவு ஏதுமில்லை.